ஒட்டியிருக்கும் தாமிரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதிய அளவு குளிர்வித்தால் மின்தடை முற்றிலும் மறைந்துவிடும் பொருள்களான மீக்கடத்திகள் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, தாமிரம், வெள்ளி, தங்கம் ஆகியவற்றை எவ்வளவு குளிர்வித்தாலும் மின்தடை மறைவதில்லை என்று கூறி அத்துடன் நிறுத்திவிட்டது. தனித்திருக்கும் தாமிரத்துக்கு அது சரி. மீக்கடத்தியோடு ஒட்டியிருக்கும் தாமிரத்தின் கதை வேறு. 1932-லேயே இயற்பியலாளர்கள் ஹோல்மும் மைஸ்னரும், இரு மீக்கடத்திகளுக்கு நடுவே சாதாரண உலோகம் அமைந்த இணைப்பில் மின்தடை மறைவதைக் கண்டுவிட்டார்கள். மீக்கடத்தியின் பண்பு ஒட்டியிருக்கும் உலோகத்துக்கும் பரவுவதாகிய இந்த அண்மை விளைவுக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

தாமிரத்திலிருந்து எல்லைக்கு வரும் குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரானுக்கு, மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியில், அதாவது தனி எலக்ட்ரானுக்கு நிலைகளே இல்லாத ஆற்றல் வரம்பில், தனியாக இருக்க இடமில்லை. ஆகவே அது மற்றோர் எலக்ட்ரானையும் சேர்த்துக்கொண்டு கூப்பர் இணையாக, அதாவது மீக்கடத்தியில் மின்தடையின்றி ஓடும் எலக்ட்ரான் சோடியாக, உள்ளே போகிறது. அந்த இரண்டாவது எலக்ட்ரான் விட்டுச்சென்ற துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்), முதலாவது வந்த பாதையிலேயே ஏறக்குறைய திரும்பி நடக்கிறது. 1964-இல் இயற்பியலாளர் ஆந்த்ரேயெவ் விளக்கிய இந்த எதிரொளிப்பில், எலக்ட்ரானும் துளையும் தம் அலைக்கட்டத் தொடர்பை (அலைகளாக ஒத்திசைந்திருப்பதை) இழக்காதிருக்கும் தொலைவு வரை தாமிரத்துக்குள்ளும் இணைகளின் பண்பு பரவியிருக்கும். மிகத் தூய தாமிரத்தில் 1 கெல்வினில் அத்தொலைவு ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். வெப்பநிலை ஏறினாலும் மாசு மிகுந்தாலும் அது குறுகிவிடும்.

எல்லை எவ்வளவு துப்புரவாக இருக்க வேண்டும் என்பதை ஆய்வு மாணவனாக இருந்தபோது நேரிலேயே அறிந்தேன். மீக்கடத்தியான நியோபியப் பட்டைகளை ஓரிரவு காற்றில் வைத்திருந்துவிட்டு, மறுநாள் அவற்றுக்கிடையே தாமிரப் பாலம் படியவைத்து, திரவ ஹீலியத்தில் இறக்கினேன்; பாலத்தின் மின்தடை குறையவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் இடையில் நின்றிருந்தது. வெற்றிடக் கலத்தைத் திறக்காமல் இரண்டையும் அடுத்தடுத்துப் படியவைத்த மாதிரியிலோ, மின்னழுத்தமானியின் முள் சுழிக்கு வந்து அசையாமல் நின்றது. அந்த மாலையை நான் மறக்கவில்லை.

பண்பைக் கொடுக்கும் மீக்கடத்திக்கும் இதில் இழப்பு உண்டு: தாமிரத்தின் மேல் படிந்த மிக மெல்லிய நியோபியத்தின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, அதற்கே உரிய 9.2 கெல்வினிலிருந்து இறங்கிவிடும்.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தியும் அன்று. துகள் முடுக்கிகளின் காந்தச் சுருள்களில், தாமிரத்துக்குள் பதித்த நியோபியம்-டைட்டேனிய மீக்கடத்தி இழைகள் மிக நெருங்கிவிட்டால், இடையிலுள்ள தாமிரம் வழியாகவே அவை ஒன்றோடொன்று பிணைந்து, தனித்தனி இழைகளாக இழுத்ததன் பயனைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்கத் தாமிரத்தில் சிறிதளவு மாங்கனீசு கலப்பார்கள். அதன் காந்தத்தன்மை கூப்பர் இணைகளைப் பிரித்துவிடுகிறது. கட்டுரையாளர் இத்தொடரை மேலும் எழுதுவாராயின், இந்தக் கம்பியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர்