மருந்து உறையில் பெயரையும் அளவையும் தமிழில் எழுதித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் தெருவில் முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. அவருடன் வந்த மாமியாரின் ஒரு கையில் பாராசிட்டமால் பாட்டில். மறு கையில் பழைய இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் அளவு மூடி. அந்த மூடியில் 5 மி.லி. கோடு வரை மருந்து ஊற்றப்பட்டிருந்தது. "டாக்டர் அஞ்சு மில்லி குடுக்கச் சொன்னாங்க சித்தி, குடுத்திரட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். பாட்டிலை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மருத்துவர் எழுதியிருந்தது 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் மருந்து உள்ள சிரப். கடையில் கொடுத்திருந்ததோ 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. 9 கிலோ எடையுள்ள அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90 முதல் 135 மில்லிகிராம் வரை போதும். மூடியில் இருந்தது 500. அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்பதும், அந்தக் கேடு அன்றைக்கே வெளியில் தெரியாமல் ஓரிரு நாள் கழித்தே தெரியவரும் என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்ன அளவை அவர் கோடு பிசகாமல் அளந்துதான் இருந்தார். பாட்டிலின் மேலிருந்த ஆங்கில எழுத்து கடுகளவு. கடையில் இருந்த பையனோ "அதே மருந்துதான்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டான். மாத்திரைகளின் நிலை இதைவிட மோசம். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் வெட்டிக் கொடுக்கும்போது, பல நேரங்களில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. பிறகு வீட்டில் அது "வெள்ளை மாத்திரை" ஆகிவிடுகிறது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நாலைந்து வகை வெள்ளை மாத்திரைகள் இருக்கும்.

இன்சுலினில் நடக்கும் பிழை இன்னும் சுற்றி வளைத்து வரும். நம் ஊரில் சிறு குப்பிகளில் வருவது பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. இளவயதில் சங்கு குளித்தவரான முதியவர் ஒருவருக்கு, அவருடைய பேரன் ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கி வந்து, அதில் 20 என்ற கோடு வரை ஏற்றிப் போட்டு வந்திருக்கிறான். அந்தக் கோடு வரை ஏறுவது 0.2 மி.லி. மட்டுமே; குப்பியில் இருந்தது 40 யூனிட் இன்சுலின் என்பதால் உடம்புக்குள் போனது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காததால் மருத்துவர் அளவை 28 ஆக உயர்த்தினார். திருவிழாவுக்கு ஊருக்கு வந்த மகள் சரியான சிவப்பு மூடி ஊசியை வாங்கித் தந்தார். அதில் 28 யூனிட்டும் முழுதாக உள்ளே போய்விட்டது. அன்றிரவு பெரியவர் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்ற இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது சரி. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108க்குச் சொன்னோம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்தார்.

கடலிலும் இந்த மாத்திரைப் பழக்கம் துரத்துகிறது. வலை இழுக்கும்போது கடற்பாம்பு கடித்தால் கடிவாயில் வலி அதிகம் இருக்காது என்பதால், பலர் அதைப் பொருட்படுத்தாமல் தொழிலைத் தொடர்கிறார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் முறுக்கி வலிக்கிறது. உடனே படகில் வைத்திருக்கும் உடம்புவலி மாத்திரையை விழுங்குகிறார்கள். அந்த வலி நஞ்சு தசைகளைச் சிதைப்பதன் அறிகுறி. சிதைந்த தசையின் கழிவால் சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் திணறும் நேரத்தில், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரை அதற்கு மேலும் சுமை ஏற்றும். நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு நிலப்பாம்புகளுக்கானது; கடற்பாம்பு நஞ்சை அது முறிக்காது. எனவே கடிபட்டவரை, கயிற்றால் இறுக்கிக் கட்டாமலும் கடிவாயைக் கீறாமலும், கை கால் அசையாமல் படுக்க வைத்து, மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் சிகிச்சை தரும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதுதான் வழி. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் முன்னால் கரைக்கு வந்து சேரும் நேரம் இருக்கிறது. இவ்வளவு நேரமும் கடிபட்டவர் உடன் வருபவர்களின் கையில்தான் இருக்கிறார்.

ஆகவே, மருந்துக் கடைகளும் அரசு மருத்துவமனை மருந்தகங்களும் மருந்தின் பெயர், அதன் வலிமை, ஒரு வேளைக்குரிய அளவு, இடைவெளி ஆகியவற்றை உறையின் மேல் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என மாவட்ட நிர்வாகத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளுக்கான திரவ மருந்தை அதற்குரிய அளவு மூடியோ டிராப்பரோ இல்லாமல் விற்கக் கூடாது.

இன்னொன்று, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வலை சரிசெய்யும் இடத்திலேயே முதலுதவிப் பயிற்சி நடத்தலாம். நீரில் மூழ்கி மூச்சு நின்றவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வழக்கத்தை விட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு நெஞ்சை அழுத்தும் முறையை அங்கே செய்து காட்டலாம். பெண்களையும் அழைக்க வேண்டும். வீட்டில் மருந்து கொடுப்பவர்கள் அவர்கள்தான். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அப்படி ஏற்பாடு செய்தால், இரண்டு நிற மூடி ஊசிகளையும் அந்த 5 மி.லி. மூடியையும் எடுத்துக்கொண்டு நானே வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.