பையில் பயிற்சித்தாள் வரவில்லையே என்று கேட்ட பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் சந்திப்பில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "பையில் பயிற்சித்தாள் எதுவும் வருவதில்லை. இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் விளையாடினேன் என்கிறான். அடுத்த வருடம் தொடக்கநிலை 1. சமாளிப்பானா?" நியாயமான கவலை. பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், வகுப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பாலர் வகுப்பு 1-இன் ஒரு மூலையை ஆசிரியர் நம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையாக மாற்றியிருந்தார். அட்டையில் வெட்டிய மீன்கள், ஒரு பழைய தராசு, பிள்ளைகளே வரைந்த வெள்ளி நோட்டுகள். மீன்காரராக நின்ற பையனிடம் ஒரு சிறுமி வந்து, "வஞ்சிரம் எவ்வளவு?" என்றாள். "பத்து வெள்ளி." அவள் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டுதான் இருக்கு" என்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ரெண்டு வெள்ளி கம்மி. அப்போ தலை தரமாட்டேன், மத்ததை எடுத்துக்கோங்க." அடுத்து ஆசிரியர் வாடிக்கையாளராகக் குனிந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுல அஞ்சு பேர். இந்த மூணு மீன் போதுமா அண்ணே?" அவன் விரல்விட்டு எண்ணி, இன்னும் இரண்டு மீனை எடுத்து வைத்தான்.

பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு பையன் எதிலும் சேராமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். ஆசிரியர் அவனை "வா, விளையாடு" என்று கூப்பிடவில்லை. மீன் பையுடன் அவன் பக்கத்தில் போய் நின்று, "கை வலிக்குது, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார். அவன் பையை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கடைக்கு நேராகப் போய், "இதுல இன்னும் ஒண்ணு போடுங்க" என்றான். வகுப்பில் அவன் தமிழில் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று ஆசிரியர் பிறகு சொன்னார்.

பத்திலிருந்து எட்டைக் கழித்தது கணக்குதான். ஆனால் அங்கே நடந்தது கணக்கு மட்டும் இல்லை. தன் முறை வரும்வரை காத்திருந்தார்கள். பேரம் படியாதபோது அழாமல் வேறு வழி யோசித்தார்கள். மீன்காரர் என்றால் மீன்காரர் போலத்தான் நடக்க வேண்டும் என்ற விதிக்கு அவர்களே கட்டுப்பட்டார்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களிலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்: பாவனை விளையாட்டில் இருக்கும் பிள்ளை தன் வயதுக்கு மேற்பட்ட கட்டுப்பாட்டோடு நடந்துகொள்கிறது. "ஒரு நிமிஷம் சும்மா நில்" என்றால் நிற்காத நான்கு வயதுப் பிள்ளை, காவல்காரர் வேடம் கொடுத்தால் அசையாமல் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆசையை அடக்குவது, சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்வது, ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழிக்கு மாறுவது ஆகிய மூன்றும்தான் பின்னாளில் படிப்பைத் தாங்குகின்றன. இவற்றைப் பயிற்சித்தாளில் நிரப்ப முடியாது.

இது எங்கள் பள்ளி மட்டும் பிடித்துக்கொண்ட பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். கல்வி அமைச்சு 2022-இல் புதுப்பித்த பாலர் பருவப் பாடத்திட்ட வழிகாட்டியும், நோக்கத்தோடு அமைந்த விளையாட்டையும் தரமான உரையாடலையும் கற்பித்தலின் அடிப்படைகளாக வைத்திருக்கிறது. தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் 2019-லிருந்து கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தொடக்கநிலை 1-இன் முதல் வாரத்தில் உங்கள் பிள்ளை இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கி, காசு கொடுத்து, மீதியைச் சரிபார்த்து, தட்டைச் சிந்தாமல் எடுத்துப்போய், அறிமுகமில்லாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மீன் கடையில் நிற்கும் பிள்ளை அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றும் இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். குழந்தை பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளையில் நொடிக்கு ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட புதிய இணைப்புகள் உருவாகின்றன. அவற்றில் அடிக்கடி பயன்படுபவை உறுதிப்படுகின்றன, மற்றவை உதிர்ந்துவிடுகின்றன. பயன்பாடு என்பது பெரும்பாலும் நம்மோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். பிள்ளை ஒரு சத்தம் எழுப்புகிறது, கை நீட்டுகிறது, ஒன்றைக் காட்டுகிறது. நாம் திரும்பிப் பார்த்து ஒரு சொல்லோ சிரிப்போ கொடுக்கிறோம். அது மறுபடி நம்மிடம் வருகிறது. பூப்பந்தாட்டத்தில் பந்து அங்கும் இங்கும் போய்வருவதைப் போல. ஒருவர் நிறுத்திவிட்டால் ஆட்டமே இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு எளிய சோதனையில் காட்டினார். தன் கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடங்கள் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. பயன் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்குகிறது. தாய் மறுபடி பேசியதும் தேறிக்கொள்கிறது. திட்டவில்லை, அடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. பதில் வராததே குழந்தைக்குத் தாங்கவில்லை. மாலையில் எம்ஆர்டி ரயிலில், உணவங்காடியில், பிள்ளை "அம்மா, அங்க பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, கைத்தொலைபேசியிலிருந்து நிமிராத முகங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை அப்படி, களைப்பு அப்படி. டிரானிக் காட்டியதில் ஆறுதலான பாதியும் உண்டு: விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசினால் பிள்ளை நம்மிடம் திரும்பி வருகிறது.

பிள்ளையின் கையில் இருக்கும் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளைச் சேர்த்து 2009-இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு, நம் ஊர்ப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்பது வயதில் கவனம் செலுத்துவதிலும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் சற்றுக் கூடுதல் சிரமம் இருந்ததாக அதன் ஒரு பகுதி 2023-இல் வெளிவந்தது. திரை மட்டுமே காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் திரை ஓடும் நேரம் யாரோ ஒருவர் பிள்ளையோடு பேசாமல் போன நேரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: 18 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டாம், அதற்கு மேல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். கடைசி வரிதான் கடினம் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்க வைக்கத்தான் பலர் திரையைக் காட்டுகிறீர்கள். ஒரு வாரம் தாங்கிக்கொள்ளுங்கள். பசி வந்தால் பிள்ளை சாப்பிடும்.

அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு ஒன்று. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரின் குழு நடுவயது வரை தொடர்ந்தது. வறுமை, குடும்பத் தகராறு, பெற்றோரின் நோய் என்று பல சிரமங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, நம்பிச் சாயத்தக்க ஒரு பெரியவர். அது பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். ஆகவே மதியம் பிள்ளையை அழைத்துப்போக வரும் பாட்டியிடம் "டியூஷனுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்தாதீர்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டு மைதானத்தில் அரை மணி நேரம் நிற்க விடுங்கள். பணிப்பெண்ணுக்கும் ஊட்டிவிடும், குளிப்பாட்டும் வேலையோடு, பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடவும் நேரம் கொடுங்கள்.

டியூஷன் பற்றித் தனியாகவே கேட்டவர்களுக்கு என் பதில்: ஐந்து வயதில் வேண்டாம். அந்த நேரத்தைத் தூக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் கொடுங்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், மொத்தமாக மூன்று மணி நேர உடலசைவும் தேவை.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 ஆனது. சில வீடுகளில் ஒன்றைக் கவனிக்கிறேன். கொஞ்சுவதும் கதை பேசுவதும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. "உட்காரு", "சீக்கிரம்", "தொடாதே" மட்டும் தமிழில் வருகின்றன. பிள்ளைக்குத் தமிழ் என்றாலே கண்டிப்பு என்று பதிந்துவிடுகிறது. விளையாட்டைத் தமிழுக்குக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாமூச்சி ஆடும்போது தமிழில் எண்ணுங்கள். பல்லாங்குழியில் சோழியைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது எண்ணிக்கையும் வரும், பொறுமையும் வரும், "உங்க முறை, என் முறை" என்ற பேச்சும் வரும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு நாளைக்கு 20 நிமிடம், கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். என்ன விளையாடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நடுவில் "இது என்ன நிறம்? எத்தனை இருக்கு?" என்று பரீட்சை வைக்காதீர்கள். கட்டிய கோபுரம் சரிந்தால் உடனே நீங்கள் நிமிர்த்தாதீர்கள். "அடடா, விழுந்துருச்சே. இப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றவர்களோடு விளையாட விரும்புவதே இல்லை, இருந்த பேச்சு குறைந்துவிட்டது என்று தோன்றினால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாமல் என்னிடம் சொல்லுங்கள். பலதுறை மருந்தகத்திலும் கேட்கலாம். சீக்கிரம் கவனித்தால் உதவியும் சீக்கிரம் கிடைக்கும்.

வரும் சனிக்கிழமை காலை 9 முதல் 11 மணி வரை வகுப்பறைகள் உங்களுக்காகத் திறந்திருக்கும். பிள்ளையோடு வாருங்கள், தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். மீன் கடை அப்படியே இருக்கிறது. நீங்கள் வாடிக்கையாளராக உட்கார்ந்து பார்க்கலாம். வேலை நிமித்தம் வர முடியாதவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் வேறொரு மாலை நேரம் ஒதுக்கித் தருகிறோம். வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுத்து வாருங்கள், பள்ளியில் இருப்பவை போதாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்