ஆகஸ்ட் 6 நிகழ்ச்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஹிரோஷிமா நாளுக்கு நம் பள்ளியில் வழக்கமாக ஓவியப் போட்டி வைப்போம். காளான் மேகம், வெள்ளைப் புறா என்று பிள்ளைகளும் அழகாக வரைந்து பரிசு வாங்குவார்கள். இந்த ஆண்டு போட்டி இல்லை. குண்டு விழுந்த கதை அவர்களுக்குத் தெரியும். விழாமல் தடுத்த கதைதான் தெரியாது. 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கடைசி இரண்டு பாடவேளைகளில் அதைப் பேசப்போகிறோம்.

முதலில் 1983 செப்டம்பர் 26. மாஸ்கோவுக்கு அருகே ஒரு கண்காணிப்பு நிலையம்; நள்ளிரவு தாண்டிவிட்டது. அமெரிக்கா ஏவுகணை ஏவிவிட்டதாகக் கணினி எச்சரிக்கிறது. முதலில் ஒன்று, அப்புறம் நான்கு. தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், தாக்க நினைப்பவர்கள் வெறும் ஐந்தோடு தொடங்குவார்களா என்று யோசித்தார். தரை ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று காட்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஐந்து எச்சரிக்கை வரை மட்டும் சொல்லி, "நீ என்ன செய்வாய்?" என்று எழுதச் சொல்வோம். தயவுசெய்து வீட்டில் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!

அடுத்தது நம் கதை. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இடையில் கார்கில் போரே வந்துபோனது, பட்டியல் நிற்கவில்லை. செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் சின்னச் செய்திதான். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்கூட அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள். எல்லையில் பதற்றம் என்றால், "ஒரே குண்டு, கதை முடிந்தது" என்று டிவி முன்னால் நாம் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே வகுப்பில் வந்து சொல்கிறார்கள். கொஞ்சம் பார்த்துப் பேசுவோம்.

காயம்பட்டவர்களின் படங்கள் எதுவும் காட்டப்படாது. கட்டணம் கிடையாது, மாறுவேடமும் வேண்டாம். இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு ஆகஸ்ட் 3க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெற்றோரும் வந்து பின்வரிசையில் உட்காரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்