ஏமாந்த நட்புக்கு விதி பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் தவணை கட்டாமல் ஊரைவிட்டே போன பிறகு, மாதாமாதம் தம் சம்பளத்திலிருந்து அக்கடனை அடைத்துவரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "எல்லாம் என் தலையெழுத்து, சார்" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஊழைவிட வலியது எது என்று கேட்ட திருவள்ளுவர், 'நட்பாராய்தல்' என்னும் 80ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஓரிடத்தில்கூட ஊழைப் பேசவில்லை. குணம், குடி, குற்றம், சுற்றம் அனைத்தையும் அறிந்து நட்புக் கொள்ளச் சொல்கிறார். ஆய்ந்து ஆய்ந்து கொள்ளாத நட்பு, முடிவில் தான் சாகும் அளவுக்குத் துயரம் தரும் என்கிறார். நாமோ 79ஆம் அதிகாரமான 'நட்பு' சொல்லும், உடுக்கை இழந்தவன் கை போல உதவும் நட்பை மேடைதோறும் போற்றிவிட்டு, அடுத்த அதிகாரத்தைப் புரட்டுவதே இல்லை. "வேறு எங்காவது கடன் இருக்கிறதா?" என்று நண்பரிடம் கேட்பதே அவரை அவமதிப்பதாகும் என்று கூசுகிறோம். மனித இயல்புதான், ஆனால் அந்தக் கூச்சத்தின் விளைவை விதியின் தலையில் போடுவது முறையாகாது.

எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழகிய நண்பரின் பிழையைப் பொறுக்கச் சொல்லும் 'பழைமை' அதிகாரமும் உடன் இருக்கிறது. "நட்டபின் வீடில்லை", அதாவது நட்புக் கொண்டபின் விடுதலை இல்லை என்பதனால்தான் முன்பே ஆராயச் சொன்னார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. இது தெரியாமல், "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்ற பேச்சை நம்பியவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

கேட்டிலும் ஒரு நன்மை உண்டு, அது நண்பரை நீட்டி அளக்கும் கோல் என்பதும் அதே 'நட்பாராய்தல்' அதிகாரத்தில்தான் வருகிறது. என் பக்கத்து வீட்டுக்காரரின் இக்கட்டில் கேளாமலே பணம் கொண்டுவந்து கொடுத்தவர், அவர் ஆண்டுக்கணக்கில் நினைத்தும் பார்த்திராத பள்ளித் தோழர் ஒருவர்.

பள்ளிகளில் நட்பைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 79ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடாமல், 80ஆம் அதிகாரத்தையும் ஜாமீன் பத்திரம் போன்ற இன்றைய நடப்புகளோடு சேர்த்து விளக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர்.