கல்லெறியாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கள் திருவட்டார் பக்கம் வீட்டுக்கு வீடு பலா, அயினி, தென்னை நிற்கிறது. நாய் துரத்தினால் பூனை கண்மண் தெரியாமல் ஏறிவிடும். இறங்குவதுதான் பாடு. பின்னோக்கி வளைந்த நகங்கள் ஏறும்போது கொக்கி போலப் பிடிக்கும், தலைகீழாக இறங்கினால் பிடிக்காது. பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். குட்டிகளுக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

போன மழைக்காலத்தில் எங்கள் அயினி மரத்தில் ஒரு குட்டி மாட்டிக்கொண்டது. கூடியவர்கள் கல்லெறிந்தார்கள், கொம்பை உலுக்கினார்கள். அது இன்னும் உச்சிக்குப் போனது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வாய் மட்டும் திறந்து மூடியது. பார்க்கவே பொறுக்கவில்லை. சக்கை (பலாப்பழம்) வெட்ட வரும் அண்ணன்தான் சாக்கோடு ஏறி இறக்கினார்.

தயவுசெய்து கல்லெறியாதீர்கள். நாயைக் கட்டிவிட்டு, கூட்டத்தைக் கலைத்துவிட்டு, மரத்தடியில் இரண்டு சாளை மீன் வையுங்கள். பல நேரம் தானே இறங்கும். அலுமினியத் துரட்டியை மின்கம்பி பக்கம் கொண்டுபோகவே கூடாது. முடியாவிட்டால் 101-ல் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம். மரம் ஏறத் தெரிந்தவர்களின் எண்களைப் பேரூராட்சிகள் வார்டுதோறும் எழுதி ஒட்ட வேண்டும். அவர்களுக்கு உரிய கூலியையும் பேரூராட்சியே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.