பதின்மூன்று பிட்ச்சர்கள் எதற்கு?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கு,

வணக்கம். 1968-இல் செயின்ட் லூயிஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சன் 34 ஆட்டங்களைத் தொடங்கி, அதில் 28 ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸையும் வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே முடித்தும் வைத்தார். இதற்குப் பெயர்தான் கம்ப்ளீட் கேம். 2024 சீசனில் முப்பது அணிகளின் பிட்ச்சர்கள் எல்லோரும் சேர்ந்து வீசிய கம்ப்ளீட் கேம்களும் 28தான். ஒரு ஆள் செய்ததை இப்போது ஒரு லீக்கே செய்கிறது.

இது உங்களுக்கும் உறுத்தியிருக்கிறது. தொடங்கும் பிட்ச்சர் குறைந்தது ஆறு இன்னிங்ஸ் வீசியாக வேண்டும் என்று விதி போடலாமா என்று 2024-இல் பேச்சு அடிபட்டது. நூறு பந்து வீசிவிட்டால் விலக்கு, நான்கு ரன் கொடுத்தால் விலக்கு, காயம் என்றால் விலக்கு. சரி, அப்புறம் ஐந்தாவது இன்னிங்ஸில் எத்தனை பேருக்குத் திடீரென்று தோள் வலிக்கும் என்று யோசித்தீர்களா?

பிட்ச்சரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுக்கும் மேனேஜர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஆட்டத்தில் ஒரே பிட்ச்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது கணக்கு. புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் தயாராகும் இடம்) எட்டுப் பேர் கையைச் சுழற்றிக்கொண்டு காத்திருக்கும்போது எந்த மேனேஜர் பொறுமை காப்பார்? பிட்ச்சருக்கும் அது தெரியும். எப்படியும் ஆறாவதில் கூப்பிட்டுவிடுவார்கள் என்று முதல் பந்திலிருந்தே முழு பலத்தையும் இறக்குகிறார். பலத்தை மிச்சம் பிடித்து வீசும் வித்தை அப்படித்தான் மறந்துபோகிறது.

ஒரே மேனேஜரின், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் டேவ் ராபர்ட்ஸின், இரண்டு முடிவுகளைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 13, மினியாப்பொலிஸில் நல்ல குளிர். அவருடைய பிட்ச்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் எதிரணி பேட்டர் ஒருவரைக்கூட பேஸுக்கு (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) விடவில்லை. வீசியது 80 பந்துகள். ராபர்ட்ஸ் அவரை எடுத்துவிட்டார். (கெர்ஷாவே அது சரி என்றார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.)

2025 உலகத் தொடரின் (சீசனின் இறுதித் தொடர்) இரண்டாவது ஆட்டம், டொரான்டோவில். என் ஊரில் அப்போது ஞாயிறு விடிகாலை. டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ முதல் இரண்டு பேட்டர்களுக்கும் ஹிட் கொடுத்து, முதல் பேஸிலும் மூன்றாவதிலும் ஆளை வைத்துக்கொண்டு நின்றார். ரன் இல்லாமல் தப்பினார். அப்புறம் கடைசி இருபது பேரை வரிசையாக அவுட்டாக்கி 105 பந்துகளில் ஆட்டத்தை முடித்தார். உலகத் தொடரில் 2015-க்குப் பிறகு வந்த முதல் கம்ப்ளீட் கேம். ராபர்ட்ஸ் ஏன் விட்டுவைத்தார்? யமமோட்டோ பிரமாதமாக வீசினார் என்பது ஒன்று. டாட்ஜர்ஸ் புல்பென் அந்த ஆண்டு நம்பும்படி இல்லை என்பது இன்னொன்று.

எனவே என் கோரிக்கை: இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு ஆள் கணக்கைத் தொடுங்கள். 26 பேர் அணியில் 13 பிட்ச்சர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது 2022-இல் நீங்கள் அமல்படுத்திய வரம்பு. அதை 12 ஆக்குங்கள், இரண்டு வருடம் கழித்து 11. ஆள் குறைந்தால் மேனேஜர் தானாகவே காத்திருப்பார்.

முழங்கைகள் கெடும் என்பார்கள். பயம் நியாயம்தான். 2022-இல் ஆறு ஆட்டங்களைத் தானே முடித்த பிட்ச்சர் சாண்டி அல்கான்டாராவுக்கு அடுத்த ஆண்டே முழங்கையில் அறுவைச் சிகிச்சை. ஆனால் ஐந்து இன்னிங்ஸோடு போகிறவர்களும் அதே மருத்துவர்களிடம்தானே வரிசையில் நிற்கிறார்கள்?

வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. பிட்ச்சர் இடம் குறைந்தால் அது பேட்டருக்குத்தான் போகும், மொத்த வேலை குறையாது. பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வையுங்கள்.

இப்படிக்கு,
விடிகாலையில் அலாரம் வைத்து ஆட்டம் பார்க்கும் ஒரு ரசிகன்