கிடைக்காத சட்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1545 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் சோலண்ட் நீரிணையில் மூழ்கி, 1982 அக்டோபரில் மேலே தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அக்கப்பலின் மாலுமிகள் தோலும் கம்பளியும் மட்டுமே உடுத்தினார்கள் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதைத்தான், சென்னிமலையில் தறி ஓட்டிப் பிழைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

கடலடி வண்டல் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டதால், பேன் ஒட்டிய மரச்சீப்பு முதல் மருத்துவரின் மருந்துச் சாடிகள் வரை 19,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அக்கப்பலிலிருந்து கிடைத்தன. ஆனால் வண்டல் எல்லா இழைக்கும் ஒரே நீதி வழங்குவதில்லை. கம்பளி, பட்டு, தோல் ஆகியவை விலங்கிலிருந்து வருபவை. அவை அங்கே தாக்குப்பிடிக்கின்றன. லினனும் பருத்தியும் செடியின் நார் என்பதால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடுகின்றன. மருத்துவரின் அறையில் பட்டு வெல்வெட் தொப்பி கிடைத்ததும், அக்காலத்தில் அங்கே உள்ளாடையாகப் பரவலாக உடுத்தப்பட்ட லினன் சட்டைகள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோனதும் இதனால்தான்.

இதற்குச் சான்று அந்தத் தோல் உடுப்புகளிலேயே இருக்கிறது. அவற்றின் ஓரங்களில் ஊசித் துளைகள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. துளைகளில் ஓடிய நூலைத்தான் காணவில்லை. தைத்த நூல் லினன் ஆகையால் அது இற்றுப்போக, முழு உடுப்பாக மூழ்கியது தனித்தனித் துண்டுகளாகக் கைக்கு வந்தது. பீரங்கிகளுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கிய இடத்தில் பாதியையாவது இதற்குத் தந்திருக்கலாம்.

எங்களூருக்குப் பக்கத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும் இதே கதைதான். அகழாய்வில் நூல் நூற்கும் சுடுமண் தக்களிகள் கிடைத்தன. அவற்றில் நூற்ற நூலும் நெய்த துணியும் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆகவேதான் அவ்வூரை இரும்புக்கும் கல்மணிகளுக்கும் மட்டுமே உரியதாக எழுதிவிடுகிறார்கள். நூற்றவர்களை யாரும் நினைப்பதில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பும், இயன்றால் அந்த ஊசித் துளைகள் தெரியும் படமொன்றும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கைத்தறி நெசவாளர் ஒருவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.